பனி பிளேடு போலத் திரும்பும் இன்லைன் ஸ்கேட்: ஃப்ரேமை எப்படி வடிவமைப்பது?

அச்சாணி

வணக்கம். கோவையில் சின்ன சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் உதிரிபாகம்தான் பிழைப்பு. மகள் ஆர்ட்டிஸ்டிக் இன்லைன் (ஒரே வரிசை வீல் ஸ்கேட்டில் ஃபிகர் ஆட்டம்) பழகுகிறாள். அவள் பார்த்துப் பழகும் வீடியோக்கள் எல்லாம் பனியில் ஆடுபவர்களுடையவை. அதே த்ரீ டர்ன் (ஒற்றைக் காலில் முன்னோக்கிப் போய்ப் பின்னோக்கித் திரும்புவது), அதே ஸ்பின் வீலில் வர வேண்டும் என்கிறாள். அலுமினியமும் மெஷினும் கையில் இருப்பதால் பூட்ஸுக்கு அடியில் வீல்களைப் பிடிக்கும் ஃப்ரேமை நானே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

பனி பிளேடைப் பக்கவாட்டில் பார்த்தால் நேர்கோடாக இருக்காது. முன்னும் பின்னும் லேசாக மேலே ஏறும். ராக்கர் என்பது அதுதான். ஃபிகர் பிளேடில் அந்த வளைவின் ஆரம் 7 முதல் 8 அடி, ஹாக்கியில் பொதுவாக 9 முதல் 11 அடி. இதை வீலில் கொண்டுவர, நடு வீல்களைத் தாழ்த்தி ஓர வீல்களை உயர்த்த வேண்டும்.

80 மிமீ வீல் நான்கு, ஆக்சிலுக்கு ஆக்சில் 82 மிமீ. 8 அடி ஆரம் வேண்டுமென்றால் ஓர வீல் சுமார் 2.8 மிமீ உயர வேண்டும். ஓரத்தில் 76 மிமீ வீல் மாட்டினால் 2 மிமீ உயர்வு கிடைக்கும், அதற்குரிய ஆரம் 3.4 மீட்டர், அதாவது ஹாக்கியின் 11 அடி. ஸ்லாலோம் (கூம்புகளுக்கு இடையே வளைந்து போவது) ஆடுபவர்கள் 76-80-80-76 என்று மாட்டுவது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது.

2.8 மிமீ வைத்து ஃப்ரேம் வெட்டி மாட்டிக் கொடுத்தேன். மகள் சொன்னது: "திரும்புதுப்பா, ஆனா தட்டித் தட்டித் திரும்புது." கணக்கு சரியாக இருந்தும் பனி போல ஏன் வரவில்லை?

ஸ்காபரோ ஹொக்கி அப்பா

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில இருக்கிறன். மகன் குளிர்காலத்தில ஐஸ் ஹொக்கி, வெயில் காலத்தில ரோட்டில இன்லைன் ஹொக்கி விளையாடுறவன். ரெண்டையும் மாறி மாறிப் பார்க்கிறதால சொல்லுறன்.

ராக்கர் பாதிதான். மற்றப் பாதி எட்ஜ். ஐஸ் ஹொக்கி பிளேட்டின்ர தடிப்பு 3 மிமீக்குக் கிட்ட. அடியைக் குழிவாத் தீட்டுவினம். அரை அங்குல ஆரம் சாதாரணம். அதால பிளேட்டுக்கு உள்பக்கம் ஒண்டு, வெளிப்பக்கம் ஒண்டு எண்டு ரெண்டு கூர் விளிம்பு வரும். கால் நேரா நிக்கேக்க ரெண்டும் ஐஸில இருக்கும். சரிஞ்சா ஒண்டு மட்டும் வெட்டும். வீலுக்கு அப்பிடி விளிம்பே இல்லை, உருண்டையா இருக்கு. எட்ஜ் மாறுற அந்தக் கணம் காலுக்குத் தெரியாது.

ஒரு விஷயம் கவனியுங்கோ. ஹொக்கி இன்லைனில முன்னுக்கு 76, பின்னுக்கு 80 எண்டு ஹை-லோ வாறதை ராக்கர் எண்டு கன பேர் நினைக்கினம். அதில நாலு வீலும் நிலத்தில தட்டையாத்தான் நிக்கும். ஆளை முன்னுக்குச் சரிச்சு வைக்கிறதுதான் அதின்ர வேலை.

நெடும்பாதை

இன்லைனில் இருந்து பனிக்குப் போய் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களைப் பாருங்கள். சாட் ஹெட்ரிக், 2006 டுரின், 5000 மீட்டர். எரின் ஜாக்சன், 2022 பெய்ஜிங், 500 மீட்டர். அவர் வளர்ந்த ஓகாலா இருப்பது பனி அபூர்வமாகவே பெய்யும் புளோரிடாவில். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ், அதே 2022, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் மாஸ் ஸ்டார்ட். ராக்கர் இல்லாத தட்டை ஃப்ரேமில் வளர்ந்தவர்கள் இவர்கள். அப்படியிருக்க ராக்கருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வளைகோடு

நெடும்பாதை சொல்லும் உதாரணமே பதிலையும் வைத்திருக்கிறது. நீள்தட வேகப் பந்தய பிளேடின் ராக்கர் ஆரம் 20 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நேர்கோடு. தட்டை இன்லைன் ஃப்ரேமும் நேர்கோடு. இரண்டிலும் வேலை ஒன்றே: நீளமாகத் தள்ளி நீளமாக வழுக்குவது. அதனால்தான் அவர்கள் எளிதாகக் கடந்து போகிறார்கள். ஃபிகர் பிளேடு 2.4 மீட்டர். அந்த உலகத்தில் காலின் நேரம் முழுக்கத் திரும்புவதிலேயே போகிறது.

இப்போது அச்சாணியின் கேள்வி. தட்டுவதற்கு முதல் காரணம் எளிது. பிளேடின் வளைவு தொடர்ச்சியானது. நான்கு வீலில் அது மூன்று நேர்த்துண்டு: 1-2, 2-3, 3-4. நடு ஜோடியிலிருந்து முன் ஜோடிக்குப் போக உங்கள் 2.8 மிமீ ஃப்ரேம் சுமார் 2 டிகிரி சாய வேண்டும். சாய்ந்து முடிந்ததும் முன் வீல் 'டக்' என்று தரையைத் தொடும். மகளின் காலுக்குத் தெரிவது அந்த 'டக்'.

இரண்டாவது காரணம்தான் பெரியது. பிளேடு பனிக்குள் இறங்குகிறது. 2.4 மீட்டர் ஆரமுள்ள பிளேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே சுமார் 44 மிமீ நீளத்துக்குப் பனியைத் தொடும். பிளேடைச் சாய்த்தால், உள்ளே இறங்கிய அந்தத் துண்டு மேலிருந்து பார்க்க ஒரு வில்லாகத் தெரியும். பிளேடு அந்த வில்லின் வழியே போகும். வில்லின் ஆரம் என்பது ராக்கர் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தது: 30 டிகிரி சாய்ந்தால் 4.8 மீட்டர், 20 டிகிரி என்றால் 7 மீட்டர். சாய்வைக் கூட்டக் கூட்ட வளைவு தானாக இறுகும். ஃபிகர் ஆடுபவரின் கால் நம்பியிருப்பது இந்த உறவைத்தான்.

சிமென்ட் தரை இறங்காது. உயர்த்தி வைத்த வீல் காற்றில் தொங்கும், தொடும் இரண்டு வீலும் நேராகவே உருளப் பார்க்கும். ஃப்ரேமில் வளைவு இருக்கிறது, தரையில் அது பதியவில்லை. பனி விட்டுக்கொடுக்கும் அந்தச் சிறு ஆழத்தை இங்கே வேறு ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். யூரிதேன் வீலைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை.

அச்சாணி

இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் ஃப்ரேமை விட்டுவிட்டு வீலின் கடினத்தை முதலில் முடிவு செய்ய வேண்டுமா? இப்போது போட்டிருப்பது 85ஏ (எண் கூடினால் கடினம், குறைந்தால் மெத்து). 76ஏ மாட்டினால் தட்டுவது குறையுமா?

தரைப்பிடி

சென்னையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அச்சாணி சார், 76ஏ மாட்டினால் தட்டுவது குறையும், உண்மை. வீல் அமுங்கி அடுத்த வீலும் எடையில் பங்கு வாங்கும். கூடவே இரண்டு பிரச்சினை வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மெத்தென்ற வீலில் ராக்கர் குறைந்த மாதிரி ஆகிவிடும். 35 கிலோ பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஃப்ரேம் 70 கிலோ ஆளுக்குத் தட்டை போலத் தெரியும். எடையைக் கேட்காமல் ராக்கர் அளவு சொல்லவே கூடாது.

இரண்டு, பிடி. த்ரீ டர்னில் கால் ஒரு புள்ளியில் நின்று சுழல வேண்டும். நான்கு வீல் ராக்கரில் நீங்கள் எப்போதும் 82 மிமீ இடைவெளியுள்ள இரண்டு வீலில் நிற்கிறீர்கள். சுழலும்போது இரண்டு வீலும் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். வீல் மெத்தென்று இருந்தால் அந்தத் தேய்ப்பு முட்டிக்கு வரும். 74ஏ, 76ஏ எல்லாம் வழவழப்பான உள்ளரங்கத் தரையில் ஹாக்கி ஆடுபவர்களுக்கு. அங்கே அவர்களுக்குப் பிடி வேண்டும். சுழல்கிற பிள்ளைக்கு அது தடை. வளர்கிற வயதில் முட்டியைத் திருகி திருகிப் பழக்குவதை நான் அனுமதிப்பதில்லை.

ஸ்காபரோ ஹொக்கி அப்பா

முட்டிக் கதை சரி அக்கா. இஞ்சயும் அதுதான். ஆனா பிடி எண்டு வந்தா நிப்பாட்டுறதைப் பற்றியும் கதைக்க வேணும். ஐஸில மகன் முழு வேகத்தில வந்து ரெண்டு காலையும் குறுக்கால திருப்பி, ஐஸைச் சீவிக்கொண்டு நிப்பான். வீலில அதைச் செய்யப் போனா ஒண்டில் வீல் பிடிச்சு ஆளைத் தூக்கி எறியும், இல்லாட்டி வழுக்கி விழுத்தும். இடையில ஒண்டும் இல்லை. ஐஸ் மாதிரி எண்டு சொல்லுறதெண்டா இதையும் தீர்க்க வேணும். இதுதான் முக்கியம் எண்டு நான் சொல்லுவன்.

வளைகோடு

> இடையில ஒண்டும் இல்லை.

மிகச் சரியான கவனிப்பு. பனியில் நீளவாக்கில் உராய்வு ஏறக்குறைய 0.005, ஒன்றுமே இல்லாத மாதிரி. குறுக்குவாக்கில் பிளேடைத் தாங்குவது உராய்வு இல்லை, வெட்டிய பள்ளத்தின் சுவர். பிளேடு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஆழம் வெட்டும். நிமிர்த்திப் பிடித்தால் மேலாகச் சீவும், சாய்த்தால் ஆழமாகக் கடிக்கும். ஆக, குறுக்குப் பிடியை ஆட்டக்காரர் கணுக்காலாலேயே கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. யூரிதேனில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு எல்லை வரை முழுப் பிடி, எல்லை தாண்டினால் வழுக்கல்.

ஒரே வீலில் நடுப்பகுதி மெத்தென்றும் ஓரம் கடினமாகவும் ஊற்றினால் என்ன என்று யோசித்திருக்கிறேன். சாய்வு அதிகமானால் கடின ஓரம் தரையைத் தொடும், வழுக்கும், நிறுத்தலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் வேகமாகத் தள்ளும்போதும் தள்ளலின் கடைசியில் கால் அதே அளவு சாய்கிறது. பிடி மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் வீல் வழுக்கிவிடும். நிறுத்துவதும் தள்ளுவதும் ஒரே சாய்வுக் கோணத்தைப் பயன்படுத்தும் வரை வீலின் வடிவத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

ஃபிகர் ஆட்டத்துக்கு நிறுத்தத்தை வீலிடம் கேட்கவே வேண்டாம் என்பது என் முடிவு. முன்னால் ரப்பர் ஸ்டாப்பர் இருக்கிறது. ஜம்ப்புக்குக் குத்தவும் அதுவே, நிறுத்தவும் அதுவே. ஹாக்கிக்கு இந்தப் பதில் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்காபரோ ஹொக்கி அப்பா

ஹொக்கிக்குப் போதாதுதான். சுவீடன்காரரின்ர மார்ஸ்பிளேட் எண்டு ஒரு ஃப்ரேம் இருக்கு, தெரியுமோ? நாலு வீலும் எப்பவும் நிலத்தில நிக்கும். பூட்ஸுக்கும் வீலுக்கும் இடையில ஃப்ரேம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் உருளும். எடையை முன்னுக்கும் பின்னுக்கும் மாத்திற உணர்வு ஐஸ் மாதிரியே வரும். தள்ளேக்க நாலு வீலின்ர பிடியும் கிடைக்கும். அச்சாணி அண்ணை அந்த வழியில யோசிக்கலாமே?

தரைப்பிடி

ஹாக்கிக்கு நல்ல யோசனை. த்ரீ டர்னுக்கு உதவாது. நாலு வீலும் தரையில் இருந்தால் சுழலும்போது நாலும் தேயும். எங்களுக்குத் தரையில் குறைந்த வீல் வேண்டும்.

வளைகோடு

தரைப்பிடி சொல்லும் 'குறைந்த வீல்' என்ற கோரிக்கைக்கு 200 வருட வயது. 1823இல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் என்ற பழவியாபாரி ரோலிட்டோ என்று ஒரு ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே வரிசையில் ஐந்து வீல், நடு வீல் ஓர வீல்களை விடப் பெரிது. ஆட்டக்காரர் நடு வீலில் நின்று திரும்பலாம். நாம் இப்போது ராக்கர் என்று சொல்வது அதில் அப்போதே இருந்தது. பிறகு 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன், நான்கு மூலையில் நான்கு வீல் வைத்து, ரப்பர் மெத்தை மீது அச்சைச் சாயவிட்டு, சாய்த்தால் திரும்பும் குவாட் ஸ்கேட்டைக் கொண்டுவந்தார். உலகம் குவாடின் பின்னால் போய்விட்டது. 1980இல் மினசோட்டாவின் ஓல்சன் சகோதரர்கள் ஹாக்கிப் பயிற்சிக்காக இன்லைனைத் திரும்ப எடுக்கும் வரை ஒற்றை வரிசை ஓரமாகவே கிடந்தது.

டையர்ஸிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வீலின் எண்ணிக்கை. இரட்டைப்படை வீலில் ராக்கர் வைத்தால் நிற்பது இரண்டு வீலில். ஒற்றைப்படை என்றால் ஒன்றில். சுழலும் மையமும் தொடும் இடமும் ஒன்றாகிவிடும். தேய்ப்பு என்பது அந்த ஒரு வீலின் சின்னத் தொடுபரப்பு மட்டும்.

அச்சாணி

சரி, ஐந்து வீலுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். 63 மிமீ வீல், இடைவெளி 65 மிமீ. ஆரம் 2.4 மீட்டர் என்றால் இரண்டாவதும் நான்காவதும் 0.9 மிமீ உயர்வு, முதலாவதும் ஐந்தாவதும் 3.5 மிமீ உயர்வு. அந்த 0.9ஐப் பார்த்ததும்தான் வளைகோடு சொன்னது முழுதாகப் பிடிபட்டது. நடு வீல் எடையில் ஒரு மில்லி அளவு அமுங்கினால் பக்கத்து இரண்டும் தொட்டுவிடும். நான்கு வீல் ஃப்ரேமில் 2.8 மிமீ அமுங்க வாய்ப்பே இல்லை.

ஆகவே: நடு வீல் மட்டும் மெத்தென்று, 78ஏ. பக்கத்து இரண்டும் 85ஏ, சுழலும்போது வழுக்கிக் கொடுக்கட்டும். ஓரம் இரண்டும் 85ஏ. பேரிங் எல்லோரும் போடும் 608தான். வெளிவிட்டம் 22 மிமீ, 63 வீலுக்குள் தாராளமாக உட்காரும்.

நெடும்பாதை

63 மிமீ வீல் சாலையில் ஒரு சின்னக் கல்லைக் கூடத் தாண்டாது.

அச்சாணி

சாலைக்கு இல்லை. ரிங்க் தரைக்கு மட்டும்.

நெடும்பாதை

ரிங்க் மட்டும் என்றால் சரி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிளேடு வளைவின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவின் திசையிலேயே இருக்கும். உங்கள் ஐந்து வீலும் ஒன்றுக்கொன்று இணையாக, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். வளைவில் போகும்போது முன் வீலும் பின் வீலும் குறுக்கே இழுபடாதா? பிளிம்ப்டன் மாதிரி ஓர வீலைத் திருப்பி வைக்க வேண்டாமா?

வளைகோடு

இழுபடும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 4.8 மீட்டர் வளைவில், நடுவிலிருந்து 65 மிமீ தள்ளி இருக்கும் வீல் வளைவின் திசையிலிருந்து விலகுவது சுமார் முக்கால் டிகிரி. யூரிதேன் முறுக்கிக்கொண்டே அதை விழுங்கிவிடும். தட்டை நான்கு வீல் ஃப்ரேமில் ஓர வீல் 123 மிமீ தள்ளி இருக்கிறது, அங்கே ஒன்றரை டிகிரி. அதே தட்டை ஃப்ரேமை 1.5 மீட்டர் வளைவில் திருப்பினால் கிட்டத்தட்ட 5 டிகிரி. சிறிய வளைவில் தட்டை ஃப்ரேம் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். திருப்பும் பொறிமுறை வைத்தால் எடையும் ஆட்டமும் கூடும். தொடும் வீல்களை நெருக்கமாக வைப்பதே மலிவான, உறுதியான தீர்வு.

தரைப்பிடி

அச்சாணி சார், பட்டறையில் உட்கார்ந்து யாரும் யோசிக்காத ஒன்று: தேய்மானம். நடு வீல்தான் எப்போதும் எடை சுமக்கிறது, அதுதான் முதலில் தேயும். நீங்கள் அதை மெத்தென்று வேறு வைக்கிறீர்கள், இன்னும் சீக்கிரம் தேயும். விட்டத்தில் 2 மிமீ போனால் உங்கள் 0.9 மறைந்து, நடு வீல் காற்றில் தொங்கும். பிள்ளைக்குக் காரணம் தெரியாது, தனக்கே ஆட்டம் மறந்துவிட்டது என்று அழும். நான் இதை நிறைய பார்த்திருக்கிறேன்.

அச்சாணி

இதற்கு வழி இருக்கிறது. 90களின் இன்லைன் ஃப்ரேம்கள் சிலவற்றில் ஆக்சில் துளையில் மையம் விலகிய புஷ் (துளை நடுவில் இல்லாத வளையம்) வரும். திருப்பிப் போட்டால் வீல் ஏறும் அல்லது இறங்கும். அதை எட்டு நிலையில் பூட்டுகிற மாதிரி நடு ஆக்சிலுக்குச் செய்கிறேன். வீல் தேயத் தேய ஒவ்வொரு நிலையாக இறக்கலாம். அளக்க வெர்னியர் கூட வேண்டாம்: கண்ணாடிப் பலகை மேல் ஸ்கேட்டை எடையில்லாமல் நிறுத்தி, இரண்டாவது, நான்காவது வீல்களுக்கு அடியில் ஒரே நேரத்தில் 0.9 மிமீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்தால் போதும். பயிற்சிக்கு முன் மகளே பார்த்துக்கொள்வாள்.

தரைப்பிடி

அந்த புஷ் வைத்துச் செய்தால் என் பிள்ளைகளுக்கும் வேண்டும். உண்மையாகவே சொல்கிறேன். இங்கே பனியில் கால் வைக்க வேண்டுமென்றால் டேராடூனுக்கோ குருகிராமுக்கோ போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு வசதி இல்லாத பிள்ளைதான் என்னிடம் அதிகம். அவர்களுக்கு வீல்தான் பனி. அந்த வீல் சரியான எட்ஜைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அச்சாணி

ஃப்ரேம் வெட்டி மாட்டியாயிற்று. நடு வீல் 78ஏ, மற்றவை 85ஏ. தட்டுவது போய்விட்டது. முன் வெளி எட்ஜில் போய்த் த்ரீ டர்ன் போடும்போது கால் நிற்காமல் சுழன்று பின் உள் எட்ஜுக்கு வந்துவிடுகிறது. கைக்காணொளியில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், திரும்பும் கணத்தில் நடு வீலும் அதன் பக்கத்து வீலும் மட்டும்தான் தரையில்.

ஸ்பின் மட்டும் வரவில்லை. சில சுற்றிலேயே ஸ்கேட் நின்றுவிடுகிறது, முன்பக்கம் எதிலோ மாட்டுவது போல இருக்கிறதாம்.

வளைகோடு

பனியில் ஸ்பின் சுழல்வது பிளேடின் நடுவில் இல்லை. டோ பிக்குக்கு (பிளேடு முனையில் உள்ள பற்களுக்கு) சற்றுப் பின்னால், பாதத்தின் முன்மேட்டுக்குக் கீழே. அந்த இடத்தில் மட்டும் பிளேடின் ஆரத்தை இன்னும் சிறிதாக வைத்திருப்பார்கள். உங்கள் ஃப்ரேமில் அந்த இடம் இரண்டாவது வீல். முன்னே 0.8 டிகிரி சாய்ந்தால் நடு வீல் விட்டு இரண்டாவதில் மட்டும் நிற்பாள். 2.3 டிகிரி ஆனதும் முதல் வீல் தொட்டுவிடும். ஒற்றை வீலில் நிற்க அவளுக்கு இருக்கும் இடைவெளி ஒன்றரை டிகிரிதான். அதற்குள் சமநிலை பிடிப்பது கடினம், தாண்டினால் 65 மிமீ இடைவெளியில் இரண்டு வீல் தேயும். மாட்டுவது போலத் தெரிவது அதுவாகத்தான் இருக்கும்.

முதல் வீலை மட்டும் 3.5இலிருந்து 5 மிமீக்கு உயர்த்துங்கள். தொடும் கோணம் 3.6 டிகிரிக்குப் போகும், இடைவெளி கிட்டத்தட்ட இரு மடங்காகும். ஸ்டாப்பரையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

தரைப்பிடி

ஸ்டாப்பரை ஏற்றினால் ஜம்ப்புக்குக் குத்தும் நேரம் மாறும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் சார். முதலில் வீலை உயர்த்தி, ஸ்பின் மட்டும் ஒரு வாரம் போடட்டும். ஜம்ப் வேண்டாம். பிறகு ஸ்டாப்பர்.

அச்சாணி

சரிங்க மேடம். முன் ஆக்சிலுக்கும் அதே புஷ் போட்டுவிடுகிறேன், உயரத்தை அவளே தேடிக்கொள்ளட்டும். வரைபடத்தை அளவுகளோடு இங்கேயே போடுகிறேன், யாருக்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.